நோட்டீஸ் அடிக்கும் முன்

மேலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் இரவு டியூப் லைட் வெளிச்சத்தில் கபடிப் போட்டி நடக்கும். நடத்துவது ஊர் இளைஞர் மன்றம். அதற்குப் பல வருஷம் என் அப்பாதான் பொருளாளர். முதல் பரிசு 5,001 ரூபாய், இரண்டாம் பரிசு 3,001 ரூபாய், வழங்குபவர் இன்னார் என்று நோட்டீஸில் போட வேண்டும். வழங்குவதாகச் சொன்னவர் வீட்டுக்கு அப்பா நேரில் போவார். பணத்தை வாங்கிக் கவரில் போட்டு, மேலே பெயரெழுதி, மளிகைக் கடைக்காரரிடம் கொடுத்துவைப்பார். எல்லாக் கவரும் சேர்ந்த பிறகுதான் மேலூர் அச்சகத்துக்கு பஸ் ஏறுவார். "வெளியூர்ப் பையன் முழங்கால் தேஞ்சு ஜெயிச்சுட்டு நிக்கும்போது நாளைக்கு வாப்பான்னு சொல்லக் கூடாது" என்பார்.

நான் நடத்துவது வீடியோ கேம் போட்டிகள். அப்பாவின் களத்தில் மண் இருந்தது, என் களத்தில் திரை இருக்கிறது. மற்றபடி இரண்டும் ஒரே வேலை என்று புரிய எனக்குப் பதினைந்து வருஷம் ஆயிற்று. புரிந்த விதம் சுகமானதல்ல. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2007-இல் நான் சென்னையில் பொறியியல் இரண்டாம் ஆண்டு. குரோம்பேட்டையில் தங்கியிருந்த அறைக்குக் கீழே ஒரு பிரவுசிங் சென்டர். பன்னிரண்டு கணினிகள், பெருத்த பின்பக்கம் கொண்ட பழைய மானிட்டர்கள், மணிக்கு 20 ரூபாய். ரயில் டிக்கெட் எடுக்கவும் ரிசல்ட் பார்க்கவும் வருகிறவர்கள் போக, மாலையில் கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடப் பையன்கள் கூடுவார்கள். கடைக்கார அண்ணாச்சியிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டு வாங்கினேன். எட்டு அணி, அணிக்கு ஐந்து பேர், 250 ரூபாய் கட்டணம். சேர்ந்த 2,000 ரூபாயில் பாதி அண்ணாச்சிக்கு, பாதி பரிசுக்கு. அதுதான் நான் நடத்திய முதல் போட்டி.

அன்று மதியமே முதல் தகராறு. கவுன்டர் ஸ்ட்ரைக்கில் யாரோ ஒருவருடைய கணினியில் சர்வரைத் திறந்து, மற்றவர்கள் அதில் வந்து சேர்வது வழக்கம். சர்வர் இருக்கிற கணினியில் உட்கார்ந்து ஆடுகிறவனுக்குத் தாமதமே கிடையாது. அவன் சுட்டால் அந்தக் கணமே சுட்டதுதான். மற்றவர்களுடைய குண்டு கேபிள் வழியாகப் போய்ச் சேர வேண்டும். சில மில்லி விநாடி வித்தியாசம்தான், ஆனாலும் இருவர் ஒரே நேரத்தில் விசையை அழுத்தினால் யார் விழுவது என்பதை அதுவே தீர்மானித்துவிடும். தோற்ற அணியில் ஒருவன் எழுந்து, "அந்த சீட்ல யார் உக்காந்தாலும் ஜெயிப்பான்" என்றான். அவன் சொன்னது சரி. மறுவாரம் அண்ணாச்சியைக் கெஞ்சி ஒரு கணினியைக் காலியாக வைத்து, அதில் சர்வரை மட்டும் ஓடவிட்டோம். ஒரு கணினி போனதில் அவருக்கு ஒரு நாள் வருமானம் குறைந்தது. பையன்களோ அடுத்த போட்டிக்குப் பல்லாவரம், தாம்பரம் என்று நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

பிறகு கல்லூரி சிம்போசியங்கள், கல்ச்சுரல்ஸ். படிப்பு முடித்து ஓஎம்ஆரில் ஒரு ஐடி நிறுவனத்தில் வேலை, வார இறுதியில் போட்டி. 2012-இன் மின்வெட்டை மறக்க முடியாது. சென்னையிலேயே தினம் 2 மணி நேரம் மின்சாரம் போகும், மற்ற மாவட்டங்களில் எத்தனை மணி நேரம் போகும் என்று கணக்கில்லை. கோவையில் ஒரு கல்லூரியில் ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும் அந்தச் சில விநாடிகளில் இருபது கணினியும் அணைந்து, பதினான்காவது ரவுண்டில் இருந்த ஆட்டம் காணாமல் போனது. அன்று முதல் ஒவ்வொரு ரவுண்டின் ஸ்கோரையும் ஒரு ஆள் நோட்டில் கையால் எழுதும் பழக்கம் வந்தது. இன்றும் எழுதுகிறோம்.

தொழிலை மாற்றியது 2016 செப்டம்பர் 5. ஜியோ வந்த நாள். ஒரு ஜிபி டேட்டாவுக்கு யோசித்து யோசித்து ரீசார்ஜ் செய்த பையன்கள் அதை ஒரே நாளில் செலவழிக்கத் தொடங்கினார்கள். 2018-இல் பப்ஜி மொபைல் வந்தது. அதுவரை எங்கள் போட்டிக்கு வந்தவர்கள் வீட்டில் கணினி இருந்தவர்கள், அல்லது பிரவுசிங் சென்டருக்குக் காசு கொடுக்க முடிந்தவர்கள். இப்போது அப்பாவின் போனை இரவில் வாங்கி ஆடுகிறவன் வந்தான். சிவகாசி, ஆம்பூர், பரமக்குடி, ராமேஸ்வரம் என்று வரத் தொடங்கிய முகவரிகளைப் படிக்கும்போது இது வார இறுதிப் பொழுதுபோக்காக இருக்க முடியாது என்று தோன்றியது. அந்த ஆண்டு இறுதியில் வேலையை விட்டேன். நண்பர்கள் இருவரும் நானும் ஆளுக்கு ஒரு லட்சம் போட்டுக் கம்பெனி பதிவு செய்தோம்.

2019-இல் மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்தில் எங்கள் முதல் பெரிய மேடைப் போட்டி. பதினாறு அணி, அறுபத்து நான்கு போன், வேடிக்கை பார்க்க முந்நூறு பேருக்கு மேல். முந்தின நாள் சோதித்தபோது பிங், அதாவது இணைப்பின் தாமதம், நாற்பது மில்லி விநாடியைத் தாண்டவில்லை. மறுநாள் கூட்டம் உள்ளே வந்ததும் நானூறைத் தொட்டது. வந்த ஒவ்வொருவர் பையிலும் ஒரு போன், அதில் வைஃபை திறந்திருக்கிறது, பாதிப் பேர் ஹாட்ஸ்பாட் வேறு போட்டிருக்கிறார்கள். நாங்கள் வைத்திருந்தது 2.4 கிகாஹெர்ட்ஸ் ரவுட்டர்கள். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் மூன்றே மூன்று. சந்தையில் முந்நூறு பேர் ஒரே நேரத்தில் கத்தினால் யார் பேச்சு யாருக்குக் கேட்கும்? கடைசி ஆட்டத்தின் நடுவில் நான்கு அணிகளின் இணைப்பு அறுந்தது. அந்த நான்கு அணியும் மேடையில் எழுந்து நின்று கத்த, நான் மைக்கை வாங்கி ரீமேட்ச் என்று அறிவித்தேன்.

அறுந்த ஆட்டத்தில் சிவகாசி அணி நால்வரும் உயிரோடு, ஜோன் என்கிற சுருங்கிக்கொண்டே வரும் ஆட்ட எல்லையின் நடுவில், நல்ல வீட்டில் இருந்தார்கள். கோப்பை அநேகமாக அவர்கள் கையில். ரீமேட்ச்சில் ஆரம்பத்திலேயே விழுந்தார்கள். மூன்று பாயின்ட்டில் முதலிடம் போனது. எல்லாம் முடிந்து நாற்காலி மடக்கும்போது அவர்கள் கேப்டன் வந்தான். கோபமில்லை, அழவில்லை. "அண்ணா, ரீமேட்ச்னு ரூல்புக்ல எங்க இருக்கு?" என்று கேட்டான். எங்கள் ரூல்புக் இரண்டு பக்கம். அதில் அப்படி ஒன்றும் இல்லை. சத்தம் போட்டவர்களுக்குப் பயந்து நான் எடுத்த முடிவு அது. அந்தத் தம்பிக்கு நான் செய்தது அநியாயம். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இன்று எங்கள் ரூல்புக் நாற்பத்தொரு பக்கம். எத்தனை அணி அறுந்தால் ரீமேட்ச், எத்தனை நிமிடத்துக்குள் அறுந்தால் ரீமேட்ச், அதற்குப் பிறகு யார் என்ன சத்தம் போட்டாலும் முடிவு மாறாது என்று எழுதியிருக்கிறது. ஒவ்வொரு பத்திக்குப் பின்னாலும் ஒரு சண்டை உண்டு. ஆட்டத்துக்குள் நுழைவதற்கான ஐடியும் பாஸ்வேர்டும் வெளியே கசிந்து முகம் தெரியாத ஒருவன் லாபிக்குள் வந்து உட்கார்ந்ததால் ஒரு பத்தி. எதிரெதிராகச் சந்தித்தும் சுட்டுக்கொள்ளாமல் இரண்டு அணிகள் கூட்டுச் சேர்ந்ததால் ஒரு பத்தி. அண்ணன் பெயரில் பதிந்துவிட்டுத் தம்பி ஆடியதால்தான் ஆன்லைன் சுற்றுகளில் கையும் முகமும் தெரிய இன்னொரு கேமரா வைக்கச் சொல்கிறோம். நேரலையைப் பார்த்து எதிரி எங்கே பதுங்கியிருக்கிறான் என்று நண்பனுக்குச் சொல்கிறவர்கள் உண்டு, அதனால் ஒளிபரப்பைப் பல நிமிடம் தாமதித்தே விடுகிறோம். 2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த கவுன்டர் ஸ்ட்ரைக் போட்டியில் இந்திய அணி வீரர் ஒருவரின் கணினியில் குறியைத் தானாகப் பிடித்துக்கொடுக்கும் மென்பொருள் இருந்தது பிடிபட்டு, அணியே வெளியேற்றப்பட்டது. அந்தக் கோப்புக்கு அவர் வைத்திருந்த பெயர் 'வேர்டு'. நடுவர் வந்து நின்றபோது அவர் பதறி அதை அழிக்கப் பார்த்த காட்சி உலகம் முழுக்க ஓடியது. அதன் பிறகு எங்கள் மேடையில் ஒவ்வொரு அணிக்குப் பின்னாலும் ஒரு ஆள் நிற்கிறார். மதுரைக்குப் பிறகு வீரர்களின் போன்களுக்கு வைஃபையும் கிடையாது, கேபிள்தான்.

வெளிநாட்டு நிறுவனங்களைப் பார்த்துத்தான் நாங்கள் மேடை போடக் கற்றுக்கொண்டோம். தென்கொரியாவில் ஸ்டார்கிராஃப்ட் போட்டிகளைக் காட்டும் தனி கேம் தொலைக்காட்சிச் சேனல்களே இருந்தன. ஜெர்மனியின் கொலோன் நகரில் 2000-இல் சிறியதாகத் தொடங்கிய இஎஸ்எல், 2013-இலிருந்து போலந்தின் காட்டோவிட்சே என்ற நிலக்கரி ஊரில் ஒரு விளையாட்டரங்கையே நிரப்பிக் காட்டியது. 2022-இல் அதையும் ஃபேஸ்இட் என்ற இன்னொரு நிறுவனத்தையும் சேர்த்துச் சவூதி அரசு நிதியின் நிறுவனம் 150 கோடி டாலருக்கு வாங்கியது. இருபத்திரண்டு வருஷ உழைப்பு அது. விலையைப் பார்த்துத் தொழிலுக்கு வருகிறவர்கள் அந்த வருஷங்களையும் எண்ணிக்கொள்ள வேண்டும்.

ஆனால் நாங்கள் வளர்ந்தது அவர்களிடம் கற்றதால் அல்ல, தமிழில் பேசியதால். ஆரம்பத்தில் வர்ணனையெல்லாம் ஆங்கிலம். தப்பும் தவறுமாக இருந்தாலும் அதுதான் கௌரவம் என்று நினைத்தோம். ஒரு நாள் இரவு வர்ணனையாளர் வராததால் நேரலையில் எந்த வீரரைக் காட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் அப்சர்வராக இருந்த தென்காசித் தம்பியை மைக்கில் உட்காரவைத்தோம். அவன் கபடி வர்ணனையும் ஜல்லிக்கட்டு வர்ணனையும் கேட்டு வளர்ந்தவன். "ஜோன் நெருக்குது, நெருக்குது... மரத்துக்குப் பின்னால ஒருத்தன் மூச்சப் புடிச்சுட்டு நிக்கான்... தலைய நீட்டாதடே, நீட்டாதடே... நீட்டிட்டான்!" என்று அவன் போட்ட சத்தத்தில் நேரலையின் சாட் பெட்டி நிற்காமல் ஓடியது. மலேசியாவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் எழுதினார்கள். ஆட்டமே தெரியாத என் அம்மா போனில் கூப்பிட்டு, "அந்த மரத்துப் பையன் என்னடா ஆனான்?" என்று கேட்டாள். மறுநாள் முதல் ஆங்கிலத்தை விட்டோம்.

2020 ஊரடங்கில் எல்லோரும் வீட்டில். எங்கள் பதிவுகள் பல மடங்கு ஆயின. அந்த நேரத்தில் ஒரு ரம்மி நிறுவனம் விளம்பரம் தர வந்தது. நாங்கள் அதுவரை பார்க்காத தொகை. வாங்கிக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து ஆம்பூரிலிருந்து ஒருவர் பேசினார். ஷூ கம்பெனியில் வேலை, பதினாறு வயது மகன் எங்கள் லீக்கில் ஆடுகிறான். "சார், பையன் உங்க போட்டியில ஆடுறான்னு சந்தோஷமாத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். நடுவுல ரம்மி விளம்பரம் வருது. நான் அதுல நாப்பதாயிரம் விட்டவன் சார். இவனும் அதுக்குத்தான் வர்றானா, சொல்லுங்க" என்றார். இரண்டும் வேறு என்று விளக்கத் தொடங்கினேன். திறமை, அணி, பயிற்சி என்று என்னென்னவோ சொன்னேன். என் திரையிலேயே இரண்டையும் ஒன்றாகக் காட்டிவிட்டு வேறு என்று சொன்னால் அவர் எப்படி நம்புவார்? மீதித் தொகையை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து விளம்பரத்தை எடுத்தோம். அந்த நவம்பரில் தமிழக அரசு ஆன்லைன் ரம்மிக்கு எதிராக அவசரச் சட்டம் கொண்டுவந்தது. வழக்கும் புதுச் சட்டமுமாக அது பிறகும் நீண்டது. நான் அந்த வழக்குகளைப் பார்த்து முடிவெடுக்கவில்லை. அந்த அப்பாவுக்குப் பதில் சொல்ல வழியில்லாமல்தான் எடுத்தேன்.

அந்த அவசரச் சட்டத்துக்கு முன்பே, அதே ஆண்டு செப்டம்பர் 2. மத்திய அரசு தடை செய்த 118 செயலிகளில் பப்ஜி மொபைலும் ஒன்று. எங்கள் லீக்கின் அரையிறுதி பாதியில் நின்றது. கபடி யாருக்கும் சொந்தமில்லை, கோடு கிழித்தால் ஆடலாம். வீடியோ கேம் அப்படியல்ல. அது ஒரு நிறுவனத்தின் உடைமை. அவர்கள் அனுமதி தந்தால்தான் போட்டி, சர்வரை மூடினால் களமே இல்லை. ஒரே ஆட்டத்தை நம்பியிருந்த எங்களுக்கு அன்று மாலை செய்ய வேலை இருக்கவில்லை.

2021 ஜூலையில் அதே ஆட்டம் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பியது. வந்த வேகத்தில் நானும் வேகமானேன். இருபத்திரண்டு பேர் வேலை செய்தார்கள். அந்த டிசம்பரில் 6 லட்சம் பரிசுத் தொகை அறிவித்து ஒரு போட்டி. விளம்பரதாரர் 9 லட்சம் ஒப்புக்கொண்டு 40 விழுக்காடு முன்பணம் தந்தார். வந்ததை எல்இடி திரைக்கும் மண்டபத்துக்கும் பயணத்துக்கும் செலவழித்தேன். மீதி, பில் போட்டு அறுபது நாளில் வரும் என்றார்கள். பில் போட்டுவிட்டால் 18 விழுக்காடு ஜிஎஸ்டியை நாம் கட்டியாக வேண்டும், பணம் வந்ததா வரவில்லையா என்பது வேறு கதை. அறுபது நாள் தொண்ணூறாயிற்று. பேசிக்கொண்டிருந்த அதிகாரி வேலையை விட்டுப் போய்விட்டார். அடுத்து வந்தவர் போனை எடுக்கவில்லை.

ஜெயித்த அணிகள் சமூக ஊடகத்தில் எங்கள் பெயரைப் போட்டுத் திட்டின. திட்டியதைத் தாங்கிக்கொண்டேன். மூன்றாம் இடம் பிடித்த அணியில் ராமேஸ்வரத்துத் தம்பி ஒருவன், வரிப் பிடித்தம் போக அவன் பங்கு பத்தாயிரத்துச் சொச்சம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலையில் ஒரே ஒரு செய்தி அனுப்புவான். "அண்ணா, இந்த வாரம் வருமா?" பதினோரு திங்கட்கிழமை. பன்னிரண்டாவது திங்கள் செய்தி வரவில்லை. அன்றுதான் என்னால் சாப்பிட முடியவில்லை.

ஊருக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "கவர யார்ட்ட குடுத்து வச்சிருந்த?" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

அந்த வாரம் வாலரன்ட் என்ற கணினி ஆட்டத்தின் போட்டிகளுக்காகக் கடன் வாங்கி வாங்கியிருந்த பத்துக் கணினிகளையும் விற்றோம். கேமராக்களையும் விற்றோம். போதாததை வட்டிக்கு வாங்கினேன். எல்லோருக்கும் ஒரே நாளில் பணம் போயிற்று. விளம்பரதாரரிடமிருந்து வக்கீல் நோட்டீஸுக்குப் பிறகு ஒரு பகுதி வந்தது, மீதி வரவே இல்லை.

அந்தக் காயம் ஆறுவதற்குள் 2022 ஜூலை 28-இல் பிஜிஎம்ஐ செயலிக் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது. இருபத்திரண்டு பேரில் பதின்மூன்று பேரை அனுப்ப வேண்டி வந்தது. அதில் பலர் பிரவுசிங் சென்டர் நாள் முதல் கூட இருந்தவர்கள். மிஞ்சிய ஒன்பது பேருடன் கல்லூரி லீக், ஐடி நிறுவனங்களுக்குள் நடக்கும் கால்பந்து கேம் போட்டி, மற்றவர்கள் நடத்தும் போட்டிக்கு ஒளிபரப்பு என்று கிடைத்ததைச் செய்தோம். யூடியூபில் பார்க்கிறவர்கள் எண்ணிக்கையை வைத்து எங்களுக்குக் காசு கொட்டுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அந்த வருமானம் எங்கள் கேபிள் செலவுக்குக்கூட வராது. விளம்பரதாரர், கேம் வெளியீட்டாளர் தரும் ஒப்பந்தம், மற்றவருக்குச் செய்துகொடுக்கும் ஒளிபரப்பு, இந்த மூன்றில்தான் சம்பளம் வருகிறது. எந்த ஒரு கேமும் எங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று அன்று முடிவு செய்தோம். 2023 மே மாதம் பிஜிஎம்ஐ திரும்பியபோதும் அந்த முடிவை மாற்றவில்லை.

2022 டிசம்பரில் மத்திய அரசு இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டுத் துறையின் கீழ் கொண்டுவந்தது. மறு ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அதற்குப் பதக்கம் கொடுத்தார்கள். 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை நாடு முழுக்கத் தடை செய்து, இ-ஸ்போர்ட்ஸைத் தனியே பிரித்து அங்கீகரித்தது. ஆம்பூர்க்காரர் கேட்ட கேள்விக்கு ஐந்து வருஷம் கழித்து நாடாளுமன்றம் பதில் சொன்னது. நான் அவரைக் கூப்பிட்டுப் பேசினேன். பையன் இப்போது எங்கள் அணியில் அப்சர்வர்.

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பி தங்கைகளுக்கு நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். போஸ்டரில் எத்தனை லட்சம் போடலாம் என்று யோசிக்கும் முன், அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, நீங்கள் தனியாக எடுக்க முடியாதபடி இன்னொருவர் கையெழுத்தையும் சேர்த்து வையுங்கள். எங்கள் கணக்கில் இரண்டாவது கையெழுத்து ஆடிட்டருடையது. 6 லட்சம் அறிவித்த நாங்கள் இப்போது ஒன்றரை லட்சம்தான் அறிவிக்கிறோம். பதிவுகள் குறையவில்லை. சென்ற போட்டிக்குப் பணம் கணக்கில் ஏறிய ஆறாம் நாள் போஸ்டர் வெளியானது. இறுதி ஆட்டம் முடிந்த ஒன்பதாம் நாள், ஜெயித்தவர்களில் கடைசி ஆளுக்கும் பணம் போய்ச் சேர்ந்தது.